உலோக இணைப்புடன் இருதொகுதிப் பலபடிகள்

ஆய்வேட்டின் அட்டையில் இருந்தது மொத்தம் நாலே சொல். ஆறு வருஷ உழைப்பை நாலு சொல்லில் அடக்கிவிட்டோம் என்று அன்று காலைவரை குடுவைக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. உலோக இணைப்புடன் இருதொகுதிப் பலபடிகள். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. பிழை இருந்திருந்தால் தப்பித்திருப்பாள்.

அவளை ஆய்வகத்தில் எல்லோரும் குடுவை என்றுதான் கூப்பிட்டார்கள். எந்நேரமும் ஒரு கண்ணாடிக் குடுவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பாள். யாராவது எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவாள். அதற்குள் இருந்ததை இன்னொரு தடவை செய்ய எட்டு மாதம் பிடிக்கும்.

அவள் செய்த வேலை அம்மாவுக்கே புரியும். அம்மா கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவள். பலபடி என்பது சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீளமான சங்கிலி. ஒரு வகைச் சங்கிலிக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. இன்னொன்றுக்குத் தண்ணீர்தான் உயிர். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடும். அவற்றின் நுனியில் மூன்று பல் உள்ள கவ்வி ஒன்றைப் பொருத்தி, நடுவில் ருத்தேனியம் என்ற உலோகத்தின் அணு ஒன்றை நிறுத்தினால், இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் கடித்துக்கொள்ளும். ஒரு சங்கிலி ஒரு தொகுதி, மற்றது மறு தொகுதி, நடுவில் உலோகம். சொல்ல இவ்வளவுதான். செய்யப் போனால் ஒரே சாதிச் சங்கிலிகள் இரண்டு தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்துகொள்ளும். அதனால் முதலில் ஒன்றின்மேல் மட்டும் உலோகத்தை ஏற்றி, கழுவி, வேண்டாததை வடித்துவிட்டு, பிறகு அடுத்ததைக் கொண்டுவர வேண்டும். பழுப்பாக இருக்கும் கரைசல் செங்கல் நிறத்துக்கு மாறினால் ஒட்டியாயிற்று என்று அர்த்தம். நாலு வருஷம் அது பழுப்பாகவே இருந்தது.

இப்போது சிவப்பாகி, எழுதி முடித்து, கட்டி, நாலு படியோடு நிறுவனத்தில் ஆய்வேடு வாங்கும் பிரிவின் ஐந்தாம் சன்னலுக்கு வந்திருந்தாள். அவளுடைய பதிவு முடிய ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் ஒப்படைத்ததற்குச் சான்று வாங்கியாக வேண்டும். பத்தாம் நாள் நிறுவனத்தின் கணக்கில் அவள் அங்கே படித்ததே கிடையாது. பதினோராம் நாள் ஒரு வண்ணப்பூச்சுத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர வேண்டும். வேலையோடு ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள குடியிருப்பு உண்டு. அம்மா இருந்தது கட்டடத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில். கட்டடம் முடிந்துவிட்டது. கட்டடம் முடிந்தால் கட்டினவர்கள் கிளம்ப வேண்டும் என்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான்.

சன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அட்டையை இரண்டு தடவை படித்தார். பிறகு ஆய்வேட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். எதுவும் விழவில்லை.

"ரெண்டாவது தொகுதி எங்க?"

"எது சார்?"

"இரு தொகுதின்னு நீயே போட்டிருக்க. கையில ஒன்னுதான் இருக்கு. உலோக இணைப்புன்னும் போட்டிருக்க. இணைப்பு எங்க? வழியில விழுந்துடுச்சா?"

"சார், அது இணைப்பு இல்ல சார். அதாவது, இணைப்புதான். ஆனா உள்ள இருக்கு."

"உதறிப் பாத்துட்டேனே. உள்ள ஒன்னும் இல்ல." அவர் மற்ற மூன்றையும் எண்ணினார். "பல படிகள்னு வேற இருக்கு. நாலுதான் கொண்டு வந்திருக்க. நாலு எப்படிப் பலவாகும்?"

"சார், அது தலைப்பு."

"எது?"

"அந்த நாலு வார்த்தையும்தான் சார் தலைப்பு. பலபடின்னா ஒரு பொருள். நகல் இல்ல."

எழுத்தர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "இருபத்தாறு வருஷமா இந்த சன்னல்ல உக்காந்திருக்கேன்மா. தலைப்பு எது, விவரம் எதுன்னு எனக்குத் தெரியாதா? உலோக இணைப்புடன், இரு தொகுதி, பல படிகள். எவ்வளவு தெளிவா எழுதியிருக்க. இந்த மாதிரி விவரம் எழுத இப்ப யாருக்கும் தெரியறதில்ல. ஆனா தலைப்பைத்தான் போட மறந்துட்ட."

அவர் குறைபாட்டுக் குறிப்பு எழுதினார். ஒன்று, இரண்டாம் தொகுதி இல்லை. இரண்டு, உலோகம் இல்லை. மூன்று, படிகள் பல இல்லை. நான்கு, தலைப்பே இல்லை.

மறுநாள் பிரிவு அலுவலரைப் பார்த்தாள். நல்ல மனுஷி. உட்காரச் சொன்னார். குடுவை ஒரு தாளில் சங்கிலி வரைந்து, கவ்வி வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினாள். அலுவலர் கடைசிவரை கவனமாகக் கேட்டார்.

"எனக்கு நல்லாப் புரியுதும்மா. ஆனா எனக்குப் புரியறது வேற, பிரிவுக்குப் புரியறது வேற. நான் வீட்டுக்குப் போனா உன் கட்சி. இந்த நாற்காலியில உக்காந்தா எனக்கு இது விவரம்தான்."

"தலைப்பை மாத்திக் குடுத்துடறேன் மேடம். வேற வார்த்தை போடறேன்."

"தலைப்பை மாத்தத் தலைப்பு மாற்றக் குழு இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடும். கூடினாலும் உன் விஷயத்துல ஒன்னும் பண்ண முடியாது. உனக்குத் தலைப்பு இல்லைன்னு பதிவாயிடுச்சு. இல்லாததை எப்படி மாத்தறது?"

குடுவை தான் வரைந்த படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு வழி சொல்றேன்," என்றார் அலுவலர், குரலைத் தாழ்த்தி. "தலைப்பு இல்லாத ஆய்வேட்டை வாங்கக் கூடாதுன்னு எங்கேயும் விதி கிடையாது. யாரும் அப்படிக் கொண்டு வருவாங்கன்னு நினைக்கல போல. ஆனா இணைப்பு இல்லாம வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நீ மத்த மூணையும் சரி பண்ணிடு. நாலாவதை நாங்க கண்டுக்காம விட்டுடறோம்."

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் எங்கோ ஒரு கருத்தரங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் கிளம்பிக்கொண்டுதான் இருப்பார். ஆறு வருஷத்தில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்தது இரண்டு தடவை.

"சண்டை போடாதம்மா. கேக்கறதைக் குடு. ரெண்டா வெட்டு."

"எங்க சார் வெட்டறது?"

"நடுவுல. மொத்தம் எத்தனை பக்கம்?"

"இருநூத்தி நாப்பத்தி ரெண்டு."

"நூத்தி இருபத்தி ஒன்னுல வெட்டு. ரெண்டு தொகுதியிலயும் என் பேர் முதல்ல வரணும்."

நூற்று இருபத்தோராம் பக்கத்தில் வெட்டினாள். முதல் தொகுதி "இவ்விரு சங்கிலிகளும் ஒன்றோடொன்று" என்பதோடு முடிந்தது. இரண்டாம் தொகுதி "இணையவே மறுத்தன" என்று தொடங்கியது.

பல என்றால் எத்தனை என்பதில் அலுவலகத்திலேயே ஒத்த கருத்து இல்லை. மூன்று முதல் பல என்றார் ஒருவர். மூன்று என்பது சில, ஐந்திலிருந்துதான் பல என்றார் மற்றவர். இருவரும் மதியம்வரை விவாதித்துவிட்டுப் பக்கத்துப் பிரிவுக்குக் குறிப்பு அனுப்பினார்கள். குறிப்பு திரும்பி வந்தது. அதில் "பல கருத்துகள் உள்ளன" என்று எழுதியிருந்தது. அந்தப் பல எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. குடுவை எதற்கும் இருக்கட்டும் என்று இருந்த நாலோடு இன்னும் மூன்று சேர்த்து ஏழு படி ஆக்கினாள்.

ஐந்தாம் நாள் இயக்குநரின் குறைகேட்பு நாள். நீள மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் இந்தப் பக்கம் குறை உள்ளவர்களும் உட்கார்ந்தார்கள். குடுவை தன் குறையைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆனது. இயக்குநர் கேட்டு முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது.

"நல்ல கேள்வி கேட்டீங்க," என்று ஆரம்பித்தார். அவள் கேள்வி எதுவும் கேட்டிருக்கவில்லை. "நீங்க மூலக்கூறை இணைக்கறீங்க. நாங்க காகிதத்தை இணைக்கறோம். எது கஷ்டம், சொல்லுங்க. மூலக்கூறு விஷயம் தெரிஞ்சது. பக்கத்துல கொண்டுபோய் விட்டா அதுவாப் போய் ஒட்டிக்கும். காகிதம் அப்படி ஒட்டுமா? துளை போடணும், நூல் கோக்கணும், பக்க எண் போடணும், மேல ஒருத்தர் கையெழுத்து, அதுக்கு மேல ஒருத்தர் கையெழுத்து. இந்த நிறுவனம் தொடங்கி முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு கண்டுபிடிப்புகூட இங்கேயிருந்து வெளிய போனதில்ல. அவ்வளவு பத்திரமா வச்சிருக்கோம்."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"நான்கூட ஒரு காலத்துல ஆராய்ச்சி பண்ணினவன்தான். என்ன ஆராய்ச்சின்னு இப்ப நினைவில்ல. ஆனா அதோட கோப்பு எண் நினைவிருக்கு. ஆராய்ச்சி மறந்துபோகும்மா. கோப்பு எண் மறக்காது. அதனால அலுவலகத்தோட ஒத்துழைங்க. உலோகம் கேட்டா உலோகம் குடுங்க. இதெல்லாம் ஒரு குறையா?"

குறிப்பேட்டில் அவள் பெயருக்கு எதிரே "குறை கேட்கப்பட்டது" என்று எழுதிக்கொண்டார்கள்.

நிறுவனத்துக்குள் எந்த உலோகம் வந்தாலும் பண்டகசாலைதான் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஆறாம் நாள் குடுவை தன்னிடம் மிச்சமிருந்த மாதிரியை அங்கே கொண்டுபோனாள். மூடிபோட்ட சிறு கண்ணாடிக் குப்பியின் அடியில் கால் கரண்டி சிவப்புப் பொடி. அதை விட்டால் அவளிடம் வேறு இல்லை. ஆனாலும் இது நியாயமான பதில் என்று அவளுக்குத் தோன்றியது. உலோகம் கேட்கிறார்கள், உலோகம் இதில் இருக்கிறது.

பண்டகக் காப்பாளர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "செங்கல் பொடியா?"

"ருத்தேனியம் சார். உலோகம். பலபடியோட சேர்ந்திருக்கு."

"உலோகம்னா தட்டினா ஒலிக்கணும். விதியிலயே அப்படித்தான் இருக்கு. முத்திரை குத்த இடமும் வேணும். பொடியில எங்க குத்தறது?" அவர் மேசையிலிருந்த இரும்பு அளவுகோலை எடுத்துக் குப்பியைத் தட்டினார். அது ணங் என்று ஒலித்தது. முகம் மலர்ந்தது. "அட, ஒலிக்குதே."

"அது கண்ணாடி சார்."

"கண்ணாடியா?" சந்தேகத்தோடு இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தித் தட்டினார்.

குப்பி இரண்டாகப் பிளந்தது. பொடி இருப்புப் பதிவேட்டின் திறந்த பக்கம் முழுவதும் கொட்டியது. காப்பாளர் பதறிப்போய் வாயால் ஊதினார். எட்டு மாதம் காற்றில் மெல்லப் பறந்து, கோணிச் சாக்குகளின்மேலும் பழைய மின்விசிறி இறக்கைகளின்மேலும் போய்ப் படிந்தது. குடுவை மண்டியிட்டு, ஒரு தாளின் ஓரத்தால் தரையை வழிக்கப் பார்த்தாள். சிவப்பைவிடத் தூசிதான் அதிகம் வந்தது.

"என்னம்மா இது, பதிவேட்டை இப்படி ஆக்கிட்டியே," என்றார் காப்பாளர். "இதுக்கு நீ விளக்கம் எழுதிக் குடுக்கணும்."

விளக்கம் எழுதிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அழுவறியா?"

"இல்லம்மா."

"அழுவுற. என்ன கேக்கறாங்க, அதை மட்டும் சொல்லு."

"உலோகம் வேணுமாம். தட்டினா சத்தம் வரணுமாம். முத்திரை குத்த இடம் வேணுமாம்."

அந்தப் பக்கம் அம்மா பெருமூச்சு விட்டது கேட்டது. "இதுக்கா? மலையைக் கேட்டாங்கன்னு நினைச்சேன். இங்க கால்ல இடறுதுடி."

எட்டாம் நாள் அம்மாவே கொண்டு வந்தாள். ஒரு முழ நீளம், நாலு விரல் அகலம், சுண்டுவிரல் கனத்தில் இரும்புத் தகடு. தளத்தில் கடைசியாக இருந்த பற்றவைப்புக்காரர் நாலு மூலையிலும் துளைபோட்டு, துருவைத் தேய்த்து எடுத்து, மரையாணியும் கொடுத்து அனுப்பியிருந்தார். வேலை சுத்தமாக இருந்தது. குடுவை முதல் படியின் இரண்டு தொகுதிகளின் முதுகிலும் துளையிட்டு, நடுவில் தகட்டை வைத்து முடுக்கினாள். முதல் தொகுதி இந்தப் பக்கம், இரண்டாம் தொகுதி அந்தப் பக்கம், நடுவில் உலோகம். ஆறு வருஷம் அவள் மூலக்கூறில் செய்ததை நிறுவனம் ஒரே வாரத்தில் காகிதத்தில் செய்ய வைத்துவிட்டது. தூக்கும்போது மட்டும் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரித் தொங்கின.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குப் பண்டகசாலை. காப்பாளர் தகட்டைத் தட்டினார். அறை முழுக்க ஒலித்தது. கண்ணை மூடிக் கேட்டார்.

"இதைச் சொல்லு உலோகம்னு. அன்னிக்கு என்னவோ பொடியைக் கொண்டு வந்து ஏமாத்தப் பாத்தியே."

முத்திரை குத்தினார். வெறும் உலோகம் என்று பதிவேட்டில் எழுதக் கூடாது, என்ன உலோகம் என்று எழுத வேண்டும் என்பதால் "இரும்பு" என்று எழுதி, அதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

ஐந்தாம் சன்னலில் வரிசை நீளமாக இருந்தது. நாலரைக்கு அவள் முறை வந்தது. எழுத்தர் பண்டகசாலைச் சீட்டை வாங்கிக்கொண்டு ஏழு படிகளை எண்ணினார். முதல் படியின் இரண்டு தொகுதிகளையும் கைக்கொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"இணைப்பு உறுதியா இருக்கு," என்றார் மனநிறைவோடு. "நீ சொன்னதைச் செய்யற பொண்ணு."

ஏழையும் வாங்கி உள்ளே வைத்தார். ஒன்றையாவது திருப்பிக் கேட்டாள். ஒன்று குறைந்தால் பல குறைபடும் என்றார். சான்று அச்சாகி வந்தது. ஏழு கட்டம் உள்ள ஒரு தாள். மூன்றாம் கட்டம், தலைப்பு: இல்லை. ஏழாம் கட்டம், விவரம்: இரும்பு இணைப்புடன் இருதொகுதிப் பலபடிகள்.

குடுவை அதை மூன்று தடவை படித்தாள். "சார், இரும்புன்னு இருக்கு."

"நீ குடுத்தது இரும்புதானே?"

"குடுத்தது இரும்பு சார். ஆனா பண்ணினது ருத்தேனியம்."

"பண்ணினதை எல்லாம் யார் கேட்டா? குடுத்ததுக்குத்தான் சான்று."

"அப்ப உலோகம்னாவது மாத்திக் குடுங்க சார். இருந்த மாதிரியே."

"அடிச்சு எழுதினா மேடம் கையெழுத்து வேணும். மேடம் நாலு மணிக்கே கிளம்பிட்டாங்க. நாளைக்கு வா." பிறகு நாள்காட்டியைப் பார்த்தார். "நாளைக்கு நீ இங்க கிடையாது இல்ல? அப்ப இதையே வச்சுக்க."

பதினோராம் நாள் காலை அம்மா இரண்டு மூட்டையும் ஒரு வாளியுமாகத் தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிட்டாள். கொட்டகையை மதியம் பிரிக்கப்போகிறார்கள். அவளை மதிலோரமாக உட்காரவைத்துவிட்டுக் குடுவை உள்ளே போனாள்.

அவளை வேலைக்குத் தேர்ந்தெடுத்தது பணியாளர் பிரிவு. தலைமை வேதியரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். ஐம்பது வயதுக்காரர். விரல் நகங்களில் அழியாத நீலம். வளவள என்று பேசவில்லை. சான்றை வாங்கினார். தலைப்பு இல்லை என்பதைக் கடந்து நேராக ஏழாம் கட்டத்துக்குப் போனார். அங்கே நின்றார்.

"இருதொகுதிப் பலபடி. நடுவுல உலோகப் பிடி," என்றார்.

பதினோரு நாளில் அந்தச் சொற்களை அவை சொன்ன பொருளிலேயே படித்த முதல் ஆள் அவர்.

"ஆமா சார்."

"கவ்வி என்ன, மூணு பல்லா?"

"மூணு பல் சார். ரெண்டு பக்கமும்."

"நல்ல வேலை. கஷ்டமான வேலை." அவர் சான்றை மேசையில் வைத்தார். "ஆனா இரும்பு."

"சார்?"

"நாங்க பாலத்துக்கும் கப்பலுக்கும் பூச்சு பண்றோம். வெயில், மழை, உப்புக் காத்து. பத்து வருஷம் பிடி விடக் கூடாது. ருத்தேனியம் கடிச்சா விடாது. இரும்பு அப்படி இல்ல, வேற ஏதாவது பக்கத்துல வந்தா கையை மாத்திக்கும். உங்களுக்குத் தெரியாததா? எனக்கு ருத்தேனியத்துல பழகின ஆள் வேணும்னுதான் கேட்டிருந்தேன்."

"நான் பண்ணினது ருத்தேனியம்தான் சார். ஆறு வருஷமும் அதுதான். சான்றுல இரும்புன்னு விழுந்துடுச்சு."

"ஏன் அப்படி விழுந்தது?"

அவள் சொன்னாள். சன்னல், உதறல், வெட்டு, ஊதல், தகடு. சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் மாதிரி இருந்தது. தலைமை வேதியர் சிரிக்கவில்லை. பேனாவை மூடித் திறந்துகொண்டே கேட்டார்.

"ஆய்வேடு ஒரு படி இருக்கா?"

"எல்லாத்தையும் வாங்கிட்டாங்க."

"மாதிரி?"

"கொட்டிடுச்சு."

"பேராசிரியர்?"

"வெளியூர் சார். கூப்பிட்டா எடுக்க மாட்டார்."

அவர் சான்றைத் திருப்பிப் பார்த்தார். "நீங்க சொல்றதை நம்பறேன்னே வச்சுப்போம். அப்ப இந்தச் சான்று பொய். பொய்ச் சான்றோட வந்தவங்களைப் பணியாளர் பிரிவு உள்ள விடாது. சான்று நிஜம்னா நீங்க இரும்பு. இரும்பு எனக்கு வேணாம். ரெண்டுல எதை நான் எழுதட்டும்?"

குடுவை அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

வாசலில் அம்மா எழுந்து நின்றாள். "சாவி குடுத்தாங்களா?"

"இல்லம்மா."

"ஏன்? என்ன குறைச்சலாம்?"

"இரும்பு பிடிச்சு நிக்காதாம்."

அம்மா திரும்பித் தொழிற்சாலையைப் பார்த்தாள். மூன்று மாடி, நீளக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி. அது எதனால் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். உள்ளங்கை இரண்டிலும் கம்பி அறுத்த தழும்பு கோடு கோடாக இருந்தது.

"எந்த நாய் சொன்னது?" என்றாள்.

பிறகு பெரிய மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு சின்னதை மகள் பக்கம் தள்ளினாள்.

"வாளியை எடு. வெரசா நட. மதியத்துக்குள்ள போனா கொட்டகைத் தகரத்துல ரெண்டு தகடாவது கூரைக்குக் கேட்டு வாங்கலாம்."